ஆள் குறைந்துபோன ரசிகர் மன்றத்திலிருந்து விலகுவது எப்படி?

பல ஆண்டுகள் எழுதிவந்த இணைய ரசிகர் மன்றம் இப்போது வெறிச்சோடிக் கிடக்கிறது. வாரத்துக்கு நான்கைந்து பதிவு வந்தாலே அதிகம். கணக்கை அழித்துவிட்டு வெளியேறுவதா, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதா, இத்தனை காலம் எழுதியதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், கணக்கை இப்போது அழிக்க வேண்டாம். முதலில் உங்களுக்கு வேண்டியதை எடுத்துவையுங்கள். அடுத்து, தொடர்பு விட்டுப்போகக் கூடாத மனிதர்களைத் தேடிப் பேசுங்கள். பிறகு கையிலிருக்கும் பொறுப்புகளை ஒப்படையுங்கள். கணக்கை அழிப்பது பற்றிய யோசனை இவை மூன்றும் முடிந்த பிறகு வரட்டும். பெரும்பாலானவர்களுக்கு அந்த யோசனை தேவையே படாது.

அவசரம் ஏன் என்றால், அவகாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளம் தன் விவாதப் பலகைகளை மூடப்போவதாக 2017 பிப்ரவரி 3 அன்று அறிவித்து, பிப்ரவரி 20 அன்று மூடியது. பல ஆண்டுப் பேச்சைக் காப்பாற்றக் கிடைத்தது 17 நாள். யாஹூ குரூப்ஸ் என்ற குழு மடல் சேவை 2019 அக்டோபரில் அறிவித்து டிசம்பரிலேயே பழைய பதிவுகளை அழிக்கத் திட்டமிட்டது. ரசிகர் குழுக்களும் ஆவணக் காப்பாளர்களும் போராடியதில் தரவைக் கேட்டுப் பெறும் காலம் 2020 ஜனவரி 31 வரை நீண்டது. இவை பெரிய நிறுவனங்கள், அதனால் அறிவிப்பாவது வந்தது. தனியொருவர் நடத்தும் சின்ன மன்றங்கள் அறிவிப்பே இல்லாமல் போகின்றன. ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைத்திருக்கும் சர்வருக்கு, பணம் கட்டும் அட்டை காலாவதியாகிறது, எச்சரிக்கை மடல் நிர்வாகி பார்க்காத முகவரிக்குப் போகிறது, அத்தோடு சரி. இன்னொரு காரணம் வெளியே தெரியாதது. பல மன்ற மென்பொருள்கள் எழுதப்பட்ட நிரல்மொழி பிஎச்பி. 2015 டிசம்பரில் வந்த அதன் 7.0 பதிப்பு, பதிவுகள் இருக்கும் தரவுத்தளத்தோடு பேசும் பழைய மைஎஸ்கியூஎல் நீட்சியை நீக்கிவிட்டது. ஹோஸ்டிங் நிறுவனம் தன் சர்வரைப் புதுப்பித்த அன்றே, புதுப்பிக்கப்படாத பழைய மன்ற மென்பொருள்கள் வெற்றுப் பக்கமாகவோ பிழைச் செய்தியாகவோ மாறிவிட்டன. தரவு அப்படியேதான் இருக்கும்; திறக்க ஆள் இருக்காது.

உங்கள் மன்றம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நிர்வாகியின் சுயவிவரப் பக்கத்தில் கடைசியாக வந்துபோன தேதி என்ன? கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கேட்டால் மடல் வருகிறதா? தேடல் வேலை செய்கிறதா? பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாக உலாவி எச்சரிக்கிறதா? டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், எப்போது முடிகிறது என்பதை ஹூஇஸ் என்ற டொமைன் பதிவேட்டுத் தேடலில் பெரும்பாலும் யாரும் பார்க்கலாம். இவற்றில் இரண்டு மோசமாக இருந்தாலே இந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள்.

முதல் வேலை உங்கள் நுழைவைப் பத்திரப்படுத்துவது. பதிவுசெய்தபோது கொடுத்த மின்னஞ்சல் முகவரி இன்றும் இயங்குகிறதா என்று பாருங்கள். செத்துப்போன முகவரி என்றால், உள்ளே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். வெளியே வந்த பிறகு கடவுச்சொல் மறந்தால் திரும்ப நுழைய வேறு வழி கிடையாது. அந்தக் கடவுச்சொல்லை வேறு எங்காவது பயன்படுத்தியிருந்தால் அங்கெல்லாம் மாற்றுங்கள். பிஎச்பிபிபி என்ற மன்ற மென்பொருளின் இரண்டாம் தலைமுறை கடவுச்சொல்லை வெறும் எம்டி5 என்ற பலவீனமான மறைவடிவில்தான் வைத்திருந்தது. இன்றைய கணினிக்கு அதை உடைப்பது பெரிய வேலையே அல்ல. கவனிப்பாரற்ற மன்றங்களிலிருந்து இப்படிக் கசிந்த பட்டியல்கள் நிறைய உலவுகின்றன.

எடுத்துவைப்பதில் தனிமடல்களுக்கே முதலிடம். பொதுத் திரிகளை, அதாவது ஒரே தலைப்பில் தொடரும் உரையாடல்களை, வேறு யாராவது சேமித்திருக்கக்கூடும். உங்கள் தனிமடல் பெட்டியை உங்களைத் தவிர வேறெந்த உறுப்பினராலும் சேமிக்க முடியாது. பிஎச்பிபிபி, வீபுல்லட்டின் ஆகிய மன்ற மென்பொருள்களின் பல பதிப்புகளில் மடல்களைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி மடல் பெட்டியின் அடியிலேயே இருக்கிறது; எக்ஸ்எம்எல், சிஎஸ்வி என்று வடிவம் கேட்கும். வந்தவை, அனுப்பியவை, நீங்களே உருவாக்கிய கோப்புறைகள் எல்லாவற்றையும் தனித்தனியாக இறக்குங்கள். திரையில் தெரியும் பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கும் பதிப்புகளும் உண்டு. அதனால் இறக்கிய கோப்பில் எத்தனை மடல் இருக்கிறது என்று எண்ணிப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். மடலோடு இணைத்த படங்கள் இந்தக் கோப்பில் வராது; அவற்றை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து உங்கள் பதிவுகள். சுயவிவரத்தில் 'இவரது எல்லாப் பதிவுகள்' என்று இருக்கும் இணைப்பை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். பெரும்பாலான மென்பொருள்கள் தேடல் முடிவைச் சில நூறு பதிவுகளோடு நிறுத்திவிடும். ஐயாயிரம் பதிவு எழுதியவருக்கு அண்மைக் காலத்தவை மட்டுமே தெரியும். அதைவிட முக்கியமாக, தனிப் பதிவுகளைப் பிய்த்தெடுத்தால் அவற்றுக்கு உயிர் இருக்காது. 'நீங்கள் சொல்வது சரி, ஆனால் அந்த மூன்றாவது காட்சி?' என்ற வரியை முன்னும் பின்னும் இல்லாமல் படித்து யாருக்கு என்ன பயன்? திரியை முழுதாகச் சேமியுங்கள். உங்களுக்கு முக்கியமான முப்பது, நாற்பது திரிகளை நினைவிலிருந்து எழுதிக்கொண்டு அவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். மறைந்த உறுப்பினர்களுக்கான அஞ்சலித் திரி இருந்தால் அதை முதலில் எடுங்கள். அது மீண்டும் எழுத முடியாதது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பதிவு என்பதை அமைப்புகளில் மாற்ற முடிந்தால் உச்ச அளவுக்குக் கூட்டுங்கள். சேமிக்க வேண்டிய பக்கங்கள் பாதியாகக் குறையும். சேமிக்க சிங்கிள்ஃபைல் என்ற உலாவி நீட்சி நல்லது. பக்கத்தையும் படங்களையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாகத் தரும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைத் தவிருங்கள். அதில் சொல் தேட முடியாது, இணைப்பைச் சொடுக்க முடியாது.

முழு மன்றத்தையும் எடுக்க ஆசைப்படுபவர்கள் எச்டிடிராக் அல்லது டபிள்யூகெட் போன்ற, தளத்தை மொத்தமாக இறக்கும் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். இதில் சிக்கல் வரும் இடங்கள் எல்லா மன்றங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கருவி கண்ணில் படும் எல்லா இணைப்புகளையும் சொடுக்கும். அதில் 'வெளியேறு' இணைப்பும் ஒன்று. அதைத் தொட்டதும் நுழைவு போய்விடும், அதற்குப் பிறகு சேமிக்கப்படும் எல்லாம் 'உள்ளே நுழையவும்' என்ற பக்கமாகவே இருக்கும். பாதி இரவு ஓடிய பிறகுதான் இது தெரியவரும். எனவே வெளியேறு, பதிலளி, மேற்கோள், நாட்காட்டி, உறுப்பினர் பட்டியல், வரிசை மாற்றும் இணைப்புகள் எல்லாவற்றையும் விலக்குப் பட்டியலில் முன்கூட்டியே சேருங்கள். நாட்காட்டியை விட்டுவைத்தால் கருவி அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி தரும் மன்றங்களில் ஒரே பக்கத்தை இருபது முறை இறக்கும்; அந்த முகவரி வடிவத்தையும் விலக்குங்கள். பக்கத்துக்குப் பக்கம் குறைந்தது 2 விநாடி இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் சின்ன சர்வர் திணறும், நிர்வாகி உங்கள் முகவரியைத் தடுத்துவிடுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40,000 திரி, சராசரி 3 பக்கம் என்றால் 1,20,000 பக்கம், 2 விநாடி வீதம் கிட்டத்தட்ட 67 மணி நேரம். நிர்வாகி உயிர்ப்போடு இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். அவரிடமிருக்கும் தரவுத்தளப் பிரதியிலிருந்து இதே வேலை சில நிமிடங்களில் முடியும்.

படங்களைப் பற்றி மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். பல மன்றங்களில் படங்கள் மன்றத்தின் சர்வரில் இருந்ததே இல்லை. படங்களை ஏற்றிவைக்கும் தளமான ஃபோட்டோபக்கெட் 2017 ஜூன் மாதம், பிற தளங்களில் படம் காட்ட ஆண்டுக்கு 399.99 டாலர் என்று விதியை மாற்றியபோது, ஏராளமான திரிகளில் படங்களுக்குப் பதிலாக எச்சரிக்கைப் படம் வந்து நின்றது. அதேபோன்ற டைனிபிக் 2019இல் மூடப்பட்டது. பிழைத்திருப்பவற்றை எடுக்க வேண்டுமானால், பிற தளங்களிலிருந்து படக் கோப்புகளை மட்டும் எடுக்கும்படி கருவியைக் கட்டுப்படுத்துங்கள். பிற தளங்களுக்குப் போக முழு அனுமதி கொடுத்தால் அது இணையம் முழுவதையும் இறக்கக் கிளம்பிவிடும்.

இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் ஏற்கெனவே ஒரு பிரதி இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் தெரியும் பிரிவுகள் அதில் இருக்காது. பல பக்கத் திரிகளில் முதல் பக்கம் மட்டும் இருப்பது சாதாரணம். முக்கியமான பொதுத் திரிகளின் ஒவ்வொரு பக்க முகவரியையும் நீங்களே கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம். சேமித்த பிறகு திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பிறர் எழுதியதை உங்கள் வன்தட்டில் வைத்துப் படிப்பது ஒன்று, பொதுவெளியில் மறுபடி ஏற்றுவது முற்றிலும் வேறொன்று. பூட்டிய பிரிவில் நம்பிச் சொன்ன விஷயங்கள் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே வரக் கூடாது. ரசிகர் புனைகதைகளுக்கு எழுதியவரிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். மன்றத்தில் பெரிய கதைத் தொகுப்பு இருந்தால், ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் புனைகதைத் தளத்தை நடத்தும் அமைப்பின் ஓப்பன் டோர்ஸ் திட்டம் இப்படி ஆபத்திலிருக்கும் காப்பகங்களை எடுத்துக்கொள்வதற்காகவே இருக்கிறது; ஆனால் நிர்வாகி தானே முன்வந்து பேச வேண்டும். அந்தத் தளத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. எழுதியவர் விலக விரும்பினால் கதையை அழிக்காமல் தன் பெயரை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். கதை வாசகர்களுக்கு இருக்கும், ஆள் யார் என்பது தெரியாது. ரசிகர் சமூகத்தை உண்மையாகப் புரிந்துகொண்டவர்கள் செய்த ஏற்பாடு அது.

மன்றங்களிலும் அதையேதான் பரிந்துரைப்பேன். பதிவுகளோடு சேர்த்துக் கணக்கை அழித்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். நீங்கள் தொடங்கிய திரிகளில் முதல் பதிவு போகும். முதல் பதிவு போனால் திரி முழுவதையுமே தூக்கிவிடும் மென்பொருள்கள் உண்டு. அதில் எழுதிய மற்ற நாற்பது பேரின் உழைப்பும் சேர்ந்து போகும். மற்றவர் திரிகளில் கேள்வி இருக்கும் பதில் இருக்காது, அல்லது பதில் இருக்கும் எதற்கென்று தெரியாது. இத்தனைக்கும் பிறகு நீங்கள் மறைந்துவிடுவீர்களா என்றால் அதுவும் இல்லை. மற்றவர்கள் உங்களை மேற்கோள் காட்டிய இடங்களில் உங்கள் பெயரும் வரிகளும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அவை அவர்களுடைய பதிவின் பகுதி.

அந்தரங்கம்தான் கவலை என்றால் நேரடியான வழிகள் இருக்கின்றன. சுயவிவரத்தில் பிறந்த தேதி, ஊர், பிற தளங்களின் பெயர்கள், கையெழுத்துப் பகுதி, அவதார் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். பயனர் பெயரை மாற்றித்தரும்படி நிர்வாகியிடம் கேளுங்கள். சொந்த விவரங்கள் சொன்ன பழைய பதிவுகளைத் திருத்தப் போனால் திருத்தும் காலம் முடிந்திருக்கும். அந்தப் பதிவுகளின் இணைப்புகளைப் பட்டியலிட்டு, பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநருக்கு ஒரே மடலில் அனுப்புங்கள். 'என் பழைய பதிவுகளில் சிலவற்றை நீக்க முடியுமா' என்று பொதுவாகக் கேட்டால் யாரும் செய்யமாட்டார்கள். பன்னிரண்டு இணைப்பைக் கொடுத்தால் பத்து நிமிட வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு 2018 மே 25 முதல் நடைமுறையிலிருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகள், தம்மைப் பற்றிய தரவைக் கேட்கவும் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் அழிக்கக் கோரவும் உரிமை தருகின்றன; பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். யாரேனும் உங்களைத் துரத்தித் தொல்லை செய்கிறார்கள், உண்மைப் பெயர் வெளியாகிவிட்டது என்ற நிலை வேறு. அப்போது ஆதாரத்துக்குத் தேவையானதை எடுத்துவைத்துக்கொண்டு தயங்காமல் அழித்துவிடுங்கள்; திரியின் முழுமையைவிட உங்கள் பாதுகாப்பு பெரிது.

இனி மனிதர்கள். மன்றம் மூடிய பிறகு பலரும் வருந்துவது தங்கள் பதிவுகளுக்காக அல்ல. பத்தாண்டு தினமும் பேசிய ஒருவரின் புனைபெயரைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போய்விட்டதே என்றுதான். பத்துப் பதினைந்து பெயரை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக, பெயர் சொல்லி, தனிமடல் அனுப்புங்கள்; உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து, விருப்பமிருந்தால் எழுதச் சொல்லுங்கள். அவர்களுடைய உண்மைப் பெயரையோ தொலைபேசி எண்ணையோ கேட்காதீர்கள். புனைபெயரோடு பழகியவர்கள் அப்படியே தொடர விரும்பலாம். முகவரியைப் பொதுத் திரியில் போடாதீர்கள், குப்பை மடல் அனுப்பும் நிரல்கள் அதற்காகவே மன்றங்களை மேய்கின்றன. தனிமடல் வந்த தகவல் அவர்களுடைய பழைய முகவரிக்குப் போயிருக்கக்கூடும் என்பதால் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள். பதில் வராதவர்களை மற்ற நண்பர்கள் வழியாக ஒருமுறை தேடுங்கள். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

விடைபெறும் பதிவு ஒன்று எழுதுவது நல்லது. எழுதாமல் மறைந்தால், உங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டு ஆண்டுக்கணக்கில் விசாரிப்பார்கள். ஐந்தாறு வரி போதும்: எழுதுவதை நிறுத்துகிறேன், நலமாக இருக்கிறேன், தனிமடலை இந்தத் தேதிவரை பார்ப்பேன், இந்த இந்தப் பொறுப்பை இன்னார் ஏற்றிருக்கிறார், நன்றி. யாரால் மன்றம் கெட்டது, எந்த மட்டுறுத்துநர் எப்போது அநியாயம் செய்தார் என்ற பட்டியல் அதில் நுழைந்தால், கடைசியாக மிஞ்சிய இருபது பேரும் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள், திரி பூட்டப்படும், உங்கள் பெயர் அந்தச் சண்டையோடு நினைவில் நிற்கும். எப்போது எழுதுவது என்பதும் முக்கியம். நீங்கள் ரசிக்கும் தொடரோ படைப்பாளியோ புதிதாக ஏதாவது வெளியிடும் நாளையும் ஆண்டு நிறைவு நாளையும் ஒட்டிப் பழைய உறுப்பினர்கள் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள். அந்த வாரத்தில் எழுதினால் மற்ற நாட்களில் பார்க்காதவர்கள் கண்ணிலும் படும்.

பொறுப்பு என்று சொன்னது மட்டுறுத்துநர் வேலையை மட்டுமல்ல. பகுதிவாரிச் சுட்டி, மொழிபெயர்ப்புக் கோப்பு, நடந்துகொண்டிருக்கும் விளையாட்டின் மதிப்பெண், தொடர்கதையின் முறைவரிசை போன்றவை ஒருவர் கணினியிலோ ஒருவர் திருத்தக்கூடிய முதல் பதிவிலோதான் இருக்கும். மூலக் கோப்பையே அடுத்தவரிடம் கொடுங்கள். முதல் பதிவைத் திருத்தும் உரிமையை அவருக்கு மாற்றப் பல மன்றங்களில் மட்டுறுத்துநரால் முடியும்.

அடுத்து எங்கே போவது? பெரும்பாலான குழுக்கள் 2015இல் தொடங்கிய டிஸ்கார்டு என்ற அரட்டைத் தளத்துக்குப் போயின. அங்கே கலகலப்பு உண்டு. ஆனால் மன்றத்தில் யாராவது பதில் எழுதினால் ஐந்தாண்டுப் பழைய திரி மேலே வரும். அரட்டையில் நேற்று சொன்னது இன்று புதிய பேச்சில் புதைந்துபோயிருக்கும். தேடுபொறிக்கும் அங்கே வழியில்லை. நீளமாக, நிதானமாக எழுதியவர்கள் அங்கே போய்ச் சில வாரங்களில் மௌனமாகிவிடுவது இதனால்தான். அங்கே கணக்கை அழித்தாலும் நீங்கள் எழுதிய செய்திகள் பெயரில்லாமல் அங்கேயே கிடக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். எட்டுப் பத்துப் பேர்தான் மிஞ்சியிருக்கிறீர்கள் என்றால் ஒரு மின்னஞ்சல் குழு போதும். பிரதி ஒவ்வொருவர் பெட்டியிலும் இருக்கும், யார் மூடினாலும் எல்லாம் போய்விடாது.

நீங்களே நிர்வாகி என்றால், விலகுவதற்கு முன் செய்ய வேண்டியவை கூடுதல். புதிய பதிவையும் சேர்க்கையையும் நிறுத்தி, படிக்க மட்டும் திறந்துவையுங்கள். இதைக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாக அறிவியுங்கள். தரவுத்தளத்தைப் பிரதி எடுக்கும்போது உலாவி வழியாக எடுத்தால் பெரிய மன்றங்களில் நேர வரம்பு தீர்ந்து பாதியில் அறுந்துவிடும், கோப்பு மட்டும் முழுமையானது போலத் தெரியும். சர்வரின் கட்டளை வரியில் எடுங்கள். பதிவுகளோடு இணைத்த படங்களும் கோப்புகளும் இருக்கும் கோப்புறையைத் தனியாக எடுங்கள். பல மென்பொருள்கள் படங்களைக் குழப்பமான பெயரில் வைத்திருக்கும், அசல் பெயர் தரவுத்தளத்தில்தான் இருக்கும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை. பிறகு பொதுப் பிரிவுகளை நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி, முடிந்தவரை அதே முகவரிகளில் வையுங்கள். பிஎச்பியும் தரவுத்தளமும் இல்லாததால் புதுப்பிக்க ஒன்றும் இருக்காது, மன்ற மென்பொருளின் ஓட்டைகளும் இருக்காது. டாட் காம் போன்ற டொமைன்களை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குக் கட்டிவைக்கலாம். கட்டாமல் விட்டால் சில மாதங்களில் வேறொருவர் வாங்கி, உங்கள் மன்றத்தின் பெயரில் சூதாட்ட விளம்பரம் நடத்துவார்.

தரவுத்தளப் பிரதியை அப்படியே யாரிடமும் கொடுக்காதீர்கள். அதில் எல்லோருடைய மின்னஞ்சல், ஐபி முகவரி, கடவுச்சொல்லின் மறைவடிவம், தனிமடல் எல்லாம் இருக்கிறது. இவற்றை நீக்கிய பிரதியை நம்பிக்கையான இரண்டு பேரிடம், இரண்டு வேறு இடங்களில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் வேறொரு கணினியில் அதை நிறுவி, ஒரு பழைய திரி, ஒரு இணைப்புப் படம், ஆங்கிலமல்லாத எழுத்து உள்ள ஒரு பதிவு ஆகிய மூன்றையும் திறந்து பாருங்கள். 2007க்கு முந்தைய பிஎச்பிபிபி பதிப்புகள் பொதுவாக யூனிகோட் என்ற பன்மொழி எழுத்து முறையில் சேமிக்கவில்லை. குறியாக்கம் தவறினால் அந்தப் பதிவுகள் கேள்விக்குறிகளாகத்தான் வரும். அப்படி வந்தால் மூல சர்வர் இயங்கும்போதே சரியான குறியாக்கத்தைக் குறிப்பிட்டு மறுபடி எடுங்கள். சர்வரை நிறுத்துவது மூன்றும் சரியாகத் திறந்த பிறகுதான்.